பழி சுமக்கும் பல்லி

மாலை நேரம். விளக்கைப் போட்டதும் சுவரின் மூலையிலிருந்து மெல்ல எட்டிப் பார்க்கிறதே ஒரு சின்னத் தலை, அதை நீங்கள் எத்தனை தடவை விளக்குமாற்றால் விரட்டியிருப்பீர்கள்? அடுப்படியில் நிற்கும்போது மேலே "சிக் சிக்" என்று சத்தம் கேட்டதும் கைவேலையை விட்டுவிட்டு, "எந்தத் திசையில் சொன்னது?" என்று எத்தனை தடவை யோசித்திருப்பீர்கள்?

அன்பான வாசகிகளே, இம்மாதம் உங்களோடு அந்தப் பல்லியைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். "வேறு விஷயம் கிடைக்கவில்லையா?" என்று கேட்காதீர்கள். இந்தச் சின்னப் பிராணியின் பெயரால் ஒரு பெண்ணின் வாழ்க்கை குலைந்ததைக் கண்ணால் கண்டவள் நான். அப்போது பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தவளும் நான்தான். அந்தக் கடனைக் கொஞ்சமாவது தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

நெடுந்தீவில் நடந்தது

எனது ஊர் வேலணை. விஞ்ஞான ஆசிரியையாக எனக்கு முதல் நியமனம் கிடைத்தது நெடுந்தீவில். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகுப் பயணம். காற்றுக் காலத்தில் அந்த ஒரு மணிநேரம் ஒரு யுகம் போல இருக்கும். இறங்கியதும் கண்ணில் படுவது கல்வேலி. பவளக் கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வேலிகள் தீவு முழுவதும் ஓடும். அதற்கப்பால் பனைகள், வெட்டைவெளி, அங்கங்கே மேயும் குதிரைகள், ஊரே பெருமையாகக் காட்டும் பழைய பெருக்குமரம்.

நெடுந்தீவு பாலைவனம் அல்ல. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை கொட்டும். ஆனால் அது முடிந்தால் அடுத்த மழை வரை மாதக் கணக்கில் காய்ச்சல்தான். புல் கருகும். கிணற்று நீர் உவர்க்கும். சாராப்பிட்டிப் பக்கத்து நல்ல தண்ணீரை எடுத்துவரப் பெண்கள் குடத்தோடு நடந்த நடையை நான் கண்டிருக்கிறேன். "தண்ணியைப் பாத்துச் செலவழியுங்கோ ரீச்சர்" என்பதுதான் நான் தங்கியிருந்த வீட்டு அம்மா எனக்குச் சொன்ன முதல் புத்திமதி.

1986 ஆம் ஆண்டு, ஆவணி மாதம். நான் தங்கியிருந்த வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு குடும்பம். மருமகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் ஒரு பெண் குழந்தை. கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாமியார், மாமனார், மைத்துனர்மார் என்று ஐந்தாறு பேருக்கு அவள்தான் சமையல். ஒருநாள் மத்தியானம் வைத்த மீன்கறியை இரவும் சாப்பிட்டார்கள். சட்டியின் அடியில் ஒரு பல்லி கிடந்தது. சிறிது நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக வாந்தி. வயிற்றோட்டம். ஊரே கூடிவிட்டது.

விடிவதற்குள் எல்லோருக்கும் சுகமாகிவிட்டது. ஆனால் அவளுக்கு அன்றுதான் துன்பம் தொடங்கியது. "மூடாமல் வைச்சவள்" என்று தொடங்கிய பேச்சு, மத்தியானத்துக்குள் "வேணுமெண்டு போட்டவள்" என்று ஆனது. பின்னேரம் அவளையும் பிள்ளையையும் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு முன் அந்த வீட்டு முற்றத்தில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ரீச்சர், நீங்கள் படிச்சனீங்கள். பல்லி நஞ்சுதானே?"

பல்லியில் நஞ்சு இல்லை என்பது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் நான் வெளியூர்க்காரி, வயதில் இளையவள். அந்த மாமியாரின் கோபம் எனக்குப் பயமாக இருந்தது. "எனக்குச் சரியாத் தெரியேல்லை ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசலைத் தாண்டும்போது அவள் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என் மனத்தில் நிற்கிறது.

நஞ்சு எங்கே இருந்தது?

அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்லி இனங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்குக்கூட நஞ்சு இல்லை. நஞ்சுப் பற்களும் இல்லை, நஞ்சுச் சுரப்பியும் இல்லை, தோலிலும் நஞ்சு இல்லை.

அப்படியானால் வாந்தி ஏன் வந்தது? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, பல்லியின் குடலிலும் எச்சத்திலும் சல்மனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். கோழிமுட்டையிலும் இறைச்சியிலும் இருக்கக்கூடிய அதே கிருமிதான். நன்றாகக் கொதிக்கும் கறியில் விழுந்தால் கிருமி செத்துவிடும். ஆறிய கறியில் விழுந்து மணிக்கணக்காகக் கிடந்தால் கிருமி பெருகும். அப்படியும், அந்தக் கிருமி வயிற்றைக் குழப்பப் பெரும்பாலும் பல மணிநேரம் செல்லும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஆவணி வெயிலில், மத்தியானம் வைத்த மீன்கறி இரவு வரை வெளியே இருந்தால், பல்லி விழாவிட்டாலும் அது பழுதாகும். சில கிருமிகள் உணவில் விடுகின்ற நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே வாந்தி வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நஞ்சினால்தான். பல்லியைக் கண்டவுடன் ஏற்படும் அருவருப்பும் சேர்ந்துகொள்ளும். ஒருவர் வாந்தி எடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் குமட்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

ஆகவே அன்று அந்தச் சட்டியில் நஞ்சு இருந்திருந்தால், அதை வைத்தது வெயிலும் நேரமும். பல்லியும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை.

தண்ணீரை எண்ணிச் செலவழிக்கும் சீவன்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் பல்லிகளைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். குற்ற உணர்வு என்றும் சொல்லலாம். இரவில் ரோச் லைற்றோடு கல்வேலி ஓரமாகப் போனால் கற்களுக்கிடையே எத்தனையோ கண்கள். நம் வீட்டுச் சுவரில் "சிக் சிக்" என்று சொல்வது வீட்டுப்பல்லி. அதன் விஞ்ஞானப் பெயர் ஹெமிடாக்டைலஸ் ஃபிரெனாட்டஸ். உடலில் சிறு கரும்புள்ளிகளோடு கல்லுக்கடியிலும் நிலத்திலும் ஓடுவது வேறொரு இனம். அதற்கு ஹெமிடாக்டைலஸ் பார்விமாகுலாட்டஸ் என்று பெயர். பொருள் சிறுபுள்ளி கொண்டது. 1953 இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தவர் கொழும்பு அரும்பொருட்காட்சிச்சாலையின் இயக்குநராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல. பனையிலும் வேம்பிலும் மரப்பட்டையின் நிறத்தோடு ஒட்டிக் கிடப்பது மரப்பல்லி.

நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் இவை எப்படி வாழ்கின்றன?

சுவரில் கிடக்கும் பல்லி எச்சத்தைப் பாருங்கள். கூட்டித் துடைத்து அலுத்துப்போன நமக்கு அது நன்றாகத் தெரியும். கறுப்பாக ஒரு பகுதி, நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு. அந்த வெள்ளைதான் பல்லியின் சிறுநீர்! நாங்கள் உடலின் கழிவைத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பல்லியோ அதை யூரிக் அமிலம் என்ற வெள்ளைத் திண்மமாக மாற்றி, தண்ணீரை உடலிலேயே மிச்சம் பிடித்துக்கொள்கிறது. சாராப்பிட்டியிலிருந்து குடம் சுமந்த பெண்களை விடச் சிக்கனமானது.

அதன் தண்ணீர்த் தேவையில் பெரும்பங்கு தின்னும் பூச்சியிலிருந்தே கிடைத்துவிடும். மிச்சத்துக்கு இரவில் படியும் பனித்துளியை நக்கிக்கொள்ளும். வெயில் முழுவதும் இடுக்கில் கிடந்துவிட்டு இரவில்தான் வெளியே வரும். தின்ன நிறையக் கிடைக்கும் காலத்தில் வாலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். நாங்கள் மாரிக்கு ஒடியலும் புழுக்கொடியலும் காயவைத்து எடுத்து வைப்பதில்லையா? அதுபோலத்தான்.

அந்தச் சேமிப்பையும் உயிர் போகும் நேரத்தில் விட்டுவிடும். பூனை பிடித்தால் வாலைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறதே, அந்த வால் துடிப்பதைப் பூனை பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பல்லி தப்பிவிடும். வாலெலும்பின் நடுவில் உடைவதற்கென்றே பிரிவுகள் உண்டு. வால் திரும்ப முளைக்கும். ஆனால் புதிய வாலுக்குள் எலும்பு இருக்காது, குருத்தெலும்புக் கோல் ஒன்றுதான் இருக்கும். நிறமும் அமைப்பும் பழையதைப் போல வராது. இழந்ததைத் திரும்பப் பெற்றவர்களுக்கு அந்த வித்தியாசம் விளங்கும்.

பாலைவனத்து உறவுக்காரர்

எங்கள் பல்லிகள் வரட்சியைச் சமாளிக்கின்றன என்றால், பாலைவனத்திலேயே குடித்தனம் நடத்தும் இனங்களும் உண்டு. ஆபிரிக்காவின் தென்மேற்கில் நமீப் பாலைவனம் இருக்கிறது. மழை மிக அரிது. கடலிலிருந்து வரும் மூடுபனிதான் அங்கே உயிர்களின் தண்ணீர். அந்த மணலில் ஒரு கையடக்கப் பல்லி வாழ்கிறது. பக்கிடாக்டைலஸ் ரேஞ்சி என்று அதற்குப் பெயர். உடல், உள்ளே இருப்பது தெரிகிற அளவுக்குத் தோல் மெல்லியது. விரல்களுக்கிடையில் தாராவின் காலைப் போலச் சவ்வு. நீந்துவதற்கல்ல, மணலைத் தோண்டவும் மணல்மேல் புதையாமல் நடக்கவும்தான். பகலில் தோண்டிய வளைக்குள் கிடக்கும். இரவில் வரும்.

பல்லிக்கு இமை இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பாம்பைப் போலக் கண்ணின் மேல் கண்ணாடி போன்ற மூடி இருக்கும். அதில் தூசி படிந்தால் நாக்கை நீட்டித் துடைத்துக்கொள்ளும். நமீப் பல்லியின் பெரிய கண்களில் மூடுபனி துளியாகப் படியும். அது நாக்கை நீட்டித் தன் கண்ணிலிருந்தே தண்ணீர் குடிக்கும்! கண்ணீரைக் குடித்து வாழ்ந்தேன் என்று நம் பெண்கள் சொல்வது பேச்சுக்கு. அங்கே அது நாளாந்த வாழ்க்கை.

இன்னொன்று மேற்குச் சகாராவின் கரையோரங்களில் வாழும் தலைக்கவசப் பல்லி. 2004 இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மங்கிய நிலவொளியில் எமக்கு நிறம் தெரியாது; எல்லாம் சாம்பலாகத்தான் தெரியும். இந்தப் பல்லியோ அந்த வெளிச்சத்திலும் நிறங்களைப் பிரித்து அறிந்தது. நிறம் காணும் திறனில் அதன் கண் நம் கண்ணை விட ஏறத்தாழ 350 மடங்கு நுட்பமானது என்று கணக்கிட்டார்கள்.

எங்களுக்குக் கிட்டவும் உறவுக்காரர் உண்டு. இராஜஸ்தானின் தார்ப் பாலைவன மணல்மேடுகளில் விரலோரத்தில் சீப்புப் போலச் செதில் கொண்ட மணற்பல்லி வாழ்கிறது. இன்னும் கிட்டே, பாக்குநீரிணைக்கு அக்கரையில் இராமநாதபுரத்தில் ஒரு பல்லி கிடைத்தது. மீனின் செதிலைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள் அதற்கு. சுவரேறுவதை விட மணல் நிலத்தில் திரிவதே அதன் வழக்கம். 1906 இல் அதை விவரித்து எழுதியவர் நெல்சன் அன்னண்டேல். பின்னர் 1916 இல் இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனவர். அதே பல்லி இலங்கையில் மன்னார்ப் பகுதியிலிருந்தும் பதிவாகியிருக்கிறது.

அக்கரையில் ஒன்று, இக்கரையில் ஒன்று. எப்படி? கடைசிப் பனியுகக் காலத்தில் கடல் மட்டம் மிகத் தாழ்ந்திருந்தது. இன்று நாங்கள் படகில் கடக்கும் இந்த ஆழமில்லாக் கடல் அன்று தரை. கால்நடையாகவே வந்திருக்கலாம். கடல் ஏறிய பிறகு பல்லிகள் இரு கரையிலும் பிரிந்து தங்கின. கடலுக்கு அப்பால் உறவைப் பிரிந்திருக்கும் எங்களுக்கு இது புதுக் கதை இல்லை.

வீட்டுப்பல்லிக்கோ கடல் ஒரு தடையே இல்லை. கப்பலிலும் தோணியிலும் சரக்கோடு சரக்காக ஏறி, பசிபிக் தீவுகள், அவுஸ்திரேலியா, அமெரிக்கா என்று பரவிவிட்டது. எங்கள் குமுதினிப் படகிலும் மரக்கறி மூட்டைக்குள் எத்தனை பல்லிகள் சீட்டில்லாமல் பயணம் செய்தனவோ!

தாய்ப்பல்லி

வாசகிகளே, ஒருநாள் யன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பல்லியை வெளிப்பக்கமாக நின்று பாருங்கள். வயிற்றுத் தோலின் ஊடாக இரண்டு வெள்ளை உருண்டைகள் தெரிந்தால் அது பிள்ளைத்தாய்ச்சி. பெரும்பாலும் இரண்டு முட்டைகள்தான். கழுத்தின் இரு பக்கமும் வெள்ளையாகப் புடைத்திருப்பதையும் சில வேளை காணலாம். நோய்க் கட்டி என்று நினைக்காதீர்கள். முட்டையோட்டுக்கு வேண்டிய கல்சியத்தை அவள் அங்கே சேர்த்து வைத்திருக்கிறாள்! கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கல்சியம் மாத்திரை தருவார்கள். பல்லிக்கு யார் தருவது? தானே தேடித் தானே சேர்க்க வேண்டும்.

ஓணான் முட்டையின் ஓடு தோலைப் போல மென்மையானது, ஈரமண் வேண்டும். பல்லி முட்டையின் ஓடோ சுண்ணாம்புபோலக் கடினமானது. அதனால் உள்ளேயுள்ள ஈரம் எளிதில் வற்றாது. காய்ந்த கல் இடுக்கிலும் கதவுநிலைக்குப் பின்னாலும் அது பொரிப்பது இதனால்தான். ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சு வரும். தாய் அடைகாப்பதில்லை. ஆனால் ஒரே நல்ல இடுக்கைக் கண்டுபிடித்துப் பல தாய்ப்பல்லிகள் அங்கேயே முட்டையிடுவதுண்டு. அலுமாரிக்குப் பின்னால் ஒரு பிடி முட்டை கண்டு நீங்கள் அதிசயித்திருப்பீர்கள். அது ஒருத்தியுடையது அல்ல.

இன்னுமொரு வியப்பு. லெபிடோடாக்டைலஸ் லுகுப்ரிஸ் என்றொரு சின்னப் பல்லியினம் இலங்கையின் கரையோரத்திலும் பசிபிக் தீவுகளிலும் வாழ்கிறது. அந்த இனத்தில் ஏறக்குறைய எல்லாமே பெண்கள். ஆண் துணையின்றியே முட்டையிட்டுப் பெண் குஞ்சுகளைப் பெறும். தனியொருத்தி ஒரு மரக்கட்டையில் மிதந்து ஒரு தீவை அடைந்தாலும் போதும், அங்கே ஒரு குடும்பம் உருவாகிவிடும். அதன் பெயருக்குப் பொருள் "துக்கமானது" என்பதாம். அவளுக்கு என்ன துக்கமோ தெரியாது, வேலையை நன்றாகத்தான் செய்கிறாள்.

பல்லி சொல்லும் பலன்

பல்லி எப்படிச் சுவரில் தலைகீழாக நடக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பசை இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. விரலடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உண்டு. தோக்கே என்ற பெரிய பல்லியின் ஒவ்வொரு காலிலும் ஏறத்தாழ ஐந்து இலட்சம். ஒவ்வொரு மயிரின் நுனியும் இன்னும் நூற்றுக்கணக்காகப் பிரியும். அவை சுவரோடு மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கிடையில் உள்ள மெல்லிய ஈர்ப்பே பல்லியைத் தாங்குகிறது. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒற்றை மயிரின் பிடியையே அளந்து காட்டினார்கள். அத்தனை பிடிப்புள்ள பல்லியும் சில வேளை கீழே விழத்தான் செய்கிறது. இன்னொரு பல்லியோடு சண்டை பிடிக்கும்போதோ, பூச்சிக்குப் பாயும்போதோ கால் தவறும். அது நம் தலையில் விழுந்தால் அதற்கும் ஒரு பலன் எழுதி வைத்திருக்கிறோம்!

பல்லி ஏன் சத்தமிடுகிறது? "இது என் இடம், வராதே" என்று மற்றப் பல்லிக்குச் சொல்கிறது. துணையையும் அழைக்கிறது. ஆபிரிக்கப் பாலைவனத்தில் ஒருவகைப் பல்லி பொழுதுபடும் நேரத்தில் வளைவாசலில் நின்று கூட்டமாகக் குரல் கொடுக்கும். அங்கே அதைக் கேட்டுக் கலியாணத்தைத் தள்ளிப்போட யாரும் இல்லை.

பல்லியின் சொல்லுக்குக் காது கொடுப்பது நமக்கு இன்று நேற்று வந்ததல்ல. கலித்தொகையின் பாலைக்கலியில் ஒரு தலைவி வருகிறாள். அவளுடைய கணவன் பொருள் தேடப் பாலைநிலம் கடந்து போய்விட்டான். அந்தக் காட்டில் கிடைக்கும் கொஞ்ச நீரையும் பிடியைக் குடிக்கவிட்டுப் பிறகுதான் களிறு குடிக்குமாம்; அதைக் காண்பவர் என்னை நினைத்துத் திரும்பி வருவார் என்று தோழிக்குச் சொல்கிறாள். பல்லியும் நல்லது சொல்கிறது, இடக்கண்ணும் துடிக்கிறது என்று மனத்தைத் தேற்றுகிறாள். இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் அவள் மாறவில்லை. கடலுக்குப் போனவன், வெளிநாடு போனவன், போன இடம் தெரியாதவன் என்று யாருக்காகவோ காத்திருந்த எத்தனை தீவுப் பெண்கள் பல்லியின் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பார்கள்! அந்த ஏக்கத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது.

ஆனால் ஆறுதலுக்குக் கேட்பது ஒன்று. அதை வைத்து இன்னொரு பெண்ணுக்குத் தீர்ப்புச் சொல்வது வேறொன்று. பெண் பார்க்க வந்த இடத்தில் பல்லி சொன்னது என்று எழுந்து போனவர்களை நான் கண்டிருக்கிறேன். "ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி" என்று நம் முன்னோரே சொல்லி வைத்தார்கள். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட வரிசையில் நிற்கிறோம். நயினாதீவில் நாகபூசணியை வணங்குகிறோம். வீட்டில் உயிரோடு இருக்கும் பல்லியை மட்டும் அடித்து வீசுகிறோம்.

வெறும் வீட்டின் காவலர்

1990 இல் தீவுப்பகுதியில் யுத்தம் மூண்டபோது நாங்களும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வேலணையை விட்டு இடம்பெயர்ந்தோம். ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. அறைக்குள் நாயுண்ணி வளர்ந்திருந்தது. அன்றிரவு லாம்பைக் கொளுத்திச் சுவரில் வைத்தோம். சற்று நேரத்தில் ஒரு பல்லி, பிறகு இன்னொன்று. "இதுகளாவது இருந்திருக்குதுகளே" என்று என் தாயார் சொல்லி அழுதா. பல்லியை விரட்டும் பழக்கம் அன்றோடு எங்கள் வீட்டில் நின்றது.

முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு

2018 ஆம் ஆண்டு பங்குனியில், கடல் அமைதியாக இருந்த ஒரு நாளில், மறுபடியும் நெடுந்தீவுக்குப் போனேன். ஓய்வுபெற்ற பிறகு பழைய மாணவிகளைப் பார்க்கும் ஆசை. அங்கே கேட்டு விசாரித்து அவளுடைய வீட்டுக்கும் போனேன். அவள் இப்போது பேரப்பிள்ளை கண்டவள். என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டாள். கதிரை போட்டாள். தேத்தண்ணி தந்தாள்.

மூன்று வருடம் தாய் வீட்டில் இருந்தாளாம். பிறகு கணவன் வந்து தனியாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஆனால் ஊர் வைத்த பட்டப்பெயர் போகவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசும்போதும் ஒரு இடத்தில், "தாய் பல்லிக்கறி வைச்சவள் எல்லோ" என்று அந்தக் கதையை எடுத்தார்களாம்.

நான் மெல்ல, பல்லியில் நஞ்சு இல்லை என்று சொன்னேன். அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் வர முடியவில்லை.

அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்டைக்கு உதைச் சொல்லியிருக்கலாமே ரீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. புறப்படும்போது அவளே என்னைக் கூட்டிப்போய்க் கல்வேலியின் ஒரு இடுக்கைக் காட்டினாள். உள்ளே நான்கைந்து வெள்ளை முட்டைகள். "பேரப்பிள்ளை உடைக்கப் பாத்தவன். நான் விடேல்லை. இது எப்ப பொரிக்கும்?" என்று கேட்டாள். சித்திரை முடிவதற்குள் பொரிக்கும் என்றேன்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

சமைத்த கறி, பால், தண்ணீர் எல்லாவற்றையும் மூடியே வையுங்கள். ஓட்டுவீடு, ஓலைவீடு என்றால் இது மிக முக்கியம்.

மத்தியானக் கறியை இரவுக்கு எடுப்பதானால் வெயில் காலத்தில் வெளியே மணிக்கணக்காக வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் அளவாகச் சமைப்பதே நல்லது.

உணவில் பல்லி விழுந்திருந்தால் அதைக் கொட்டிவிடுங்கள். பாத்திரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் பதறவேண்டாம். வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் என்றால், அல்லது காய்ச்சலோ இரத்தம் போவதோ இருந்தால், உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைசல் பருக்குவது கூடாது.

பல்லி எச்சத்தைத் துடைத்த பின் கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். பல்லி முட்டையைக் கையாலெடுத்த பிள்ளைகளுக்கும் அப்படியே.

பல்லியைக் கொல்ல மருந்து வைக்காதீர்கள். நுளம்பு, கரப்பான், ஈசல், கறையான் என்று இரவு முழுவதும் கூலி இல்லாமல் பிடித்துத் தின்னும் வேலைக்காரி அது.

கடைசியாக ஒன்று. இதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம், மாமியாரிடம், சந்தையில் சந்திக்கும் சிநேகிதியிடம் சொல்லுங்கள்: "பல்லியில் நஞ்சு இல்லையாம்." ஒரு முற்றத்தில் ஊர் கூடி நின்று ஒரு பெண்ணைக் கைகாட்டும் நாளில், இந்த ஒரு வரியைச் சொல்ல அங்கே ஒருத்தியாவது இருக்க வேண்டும். நான் அன்று இருந்தும் இல்லாதவளானேன். நீங்கள் அப்படி ஆகிவிடாதீர்கள்.